உட்கார விடாத நிலம்

மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பதினோரு பெண்கள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வர, அவர்களில் ஒருத்தியான மாரித்தங்கம் முன்னால் நடந்து பூங்கா நிலத்துக்குள் நுழைந்தாள். நிலம் ஆவரங்குளம் நகராட்சிக்குச் சொந்தமானது. செங்காடு வீட்டுவசதிக் குடியிருப்பின் பின்பக்கம், வரைபடத்தில் பச்சை பூசிப் பூங்கா என்று எழுதப்பட்டு, எழுதியவர் ஓய்வு பெற்று, அவருக்குப் பின்னால் வந்தவரும் ஓய்வு பெற்று, சீமைக்கருவேலமும் பாட்டில் சில்லும் இடித்த வீடுகளின் கட்டிட மண்ணுமாகக் கிடந்தது. வடக்கு மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் மட்டும் யாருடைய அனுமதியும் கேட்காமல் பந்தல்போல விரிந்திருந்தது. கவுன்சிலரிடமும் ஆணையரிடமும் திங்கட்கிழமைதோறும் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த பெண்கள் கடைசியில் தாங்களே அரிவாள் எடுத்து, ஷிப்ட் முடிந்த மாலைகளில் முள்ளை வெட்டிச் சில்லைப் பொறுக்கி, நடுவில் ஒரு களம் அளவுக்குத் தரையை மீட்டிருந்தார்கள். அந்தக் களத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று பேசிவைத்தபடி ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் நாற்காலிகள் நடக்கத் தொடங்கின.

ஓடவில்லை, குதிக்கவில்லை. சந்தைக்குப் போகிறவனுடைய நிதானத்தில், ஒன்றன் பின் ஒன்றாக, நிலத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலமாகச் சுற்றின. ஒரு சுற்று முடிவதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்; இறங்கிய பிறகு பார்த்தால் அவர்கள் கால்களும் நடந்துகொண்டிருந்தன. நிற்கலாம் என்று ஒரு காலை ஊன்றினால் மறு கால் முன்னே போயிருந்தது. வாசலுக்கு நேராக வரும்போது ஒரே எட்டு வெளியே வைத்தவர்களால் மட்டும் தெருவில் நின்று மூச்சு வாங்க முடிந்தது.

"யக்கா," என்றாள் ஜெபக்கனி, மாரித்தங்கத்தோடு ஜவுளிக்கடையில் ஒரே சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறவள், அவளைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. "கடையில உக்காரத்தான் விட மாட்டான். இங்க நிக்கக்கூட விட மாட்டேங்குதே!"

மாரித்தங்கம் சிரிக்கவில்லை. அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தேரடியில் உள்ள நாலுமாடி ஜவுளிக்கடையில் முதல் மாடியில் சேலை விரிக்கிறவள். காலையில் ஏறினால் மாலை ஐந்து மணிக்கு இறங்கும் வரைக்கும் உட்காருவது கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கிடையாது. சாய்வதும் கிடையாது, சுவருக்கு எதிரே கேமரா இருந்தது. உட்கார வேண்டும் என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கேயும் வெளியே ஆள் நின்று கதவைத் தட்டும். வீட்டுக்கு வந்தால் வீடு ஒரே அறை. மாமனாரின் கட்டில், இரண்டு பையன்களின் புத்தகம், அடுப்பு, வீட்டுக்காரருடைய தையல் மிஷின் எல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் எழுந்து வெளியே போக வேண்டும், வெளியே போக வெளியும் இல்லை. அவளுடைய முழங்காலுக்குக் கீழே நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு கறுத்திருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கெண்டையில் விரலை வைத்து அழுத்தினாள், எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "தினம் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது காலை நீட்டி உக்காருங்க. இல்லைன்னா இந்தக் கறுப்பு புண்ணாயிரும். புண்ணாச்சுன்னா ஆறாது. அப்புறம் உங்களால நிக்கவும் முடியாது," என்றாள். நின்று பிழைக்கிறவளிடம் சொல்லக்கூடிய பயங்கரம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் மனு, அதற்காகத்தான் அரிவாள், அதற்காகத்தான் நாற்காலி. பூங்காவில் பூ வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

செய்தி மறுநாள் விடிவதற்குள் குடியிருப்பைச் சுற்றிவிட்டது. ஏன் இப்படி என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. இத்தனை வருஷம் சும்மா கிடந்த நிலத்துக்குக் கால் மரத்துப் போயிருக்கும், இப்போது உதறுகிறது என்று சொன்னார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை, பேச வேண்டியதெல்லாம் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதாக இருந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் முதலில் வந்தார்கள். நடங்கள் நடங்கள் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் வாசற்படியைத் தாண்டாத மனிதர்களை மனைவிமார் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிலத்தில் ஏற்றிவிட்டுத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள் வந்தார்கள். ஒன்றரை வயதாகியும் அடியெடுத்து வைக்காத பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிய தாய் அதன் பின்னாலேயே மூன்று சுற்று ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே விட்ட பம்பரம் சாயவில்லை. விட்ட பையன் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து அதைக் கயிற்றில் எடுத்துக்கொண்டான். மேய வந்த எருமைகள் மேய்ந்தபடி நடந்தன, நடந்தபடி அசை போட்டன, வீட்டுக்கு வந்து கறந்தபோது வெண்ணெய் திரண்டு மடியடைத்தது. பால்காரர் கோபப்பட்டு மாட்டை வேறு பக்கம் ஓட்டிப் போனார். இறந்தவர் ஒருவரின் பாடையைத் தூக்கிப் போனவர்கள் தோள் மாற்ற அங்கே இறக்கிவைக்க, பாடை ஒரு சுற்று சுற்றி வாசலைக் கண்டுபிடித்து முன்னால் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க எல்லா இடத்துக்கும் பிந்தி வந்த மனுஷன் சுடுகாட்டுக்காவது முந்திப் போனாரே என்று மகன்கள் பின்னாலேயே நடந்தார்கள்.

ஆக்கிரமிக்க வந்தவர்களுக்குத்தான் சங்கடம். டீக்கடை போட்டவர் கடையை ஒவ்வொரு நாளும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போட்டவருடைய குடிசை காலையில் காவல் நிலையத்துக்கு எதிரே நின்றது. அங்கே நட்ட மூன்று கட்சிக் கொடிக்கம்பங்களும் பீடத்தோடு பெயர்ந்து, ஊருக்குள் ஒன்றையொன்று பார்க்காதவை இங்கே ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்காகச் சுற்றி வந்தன.

வார்டு கவுன்சிலர் சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. பூங்கா கேட்டவர்களுக்கு நடைபயிற்சித் திடலே கொடுத்துவிட்டேன் என்று வாசலில் தன் படம் போட்ட பேனர் கட்டினார். பேனரைத் தெருப்பக்கத்துக் கம்பத்தில் கட்ட அவருக்குத் தெரிந்திருந்தது.

மாரித்தங்கம் அவரை வாசலில் மறித்தாள்.

"அண்ணாச்சி, நாங்க கேட்டது உக்கார இடம்."

"ஊரே நடக்குதும்மா. டவுன்ல இருந்து கார் போட்டு வாராவ நடக்கதுக்கு. உங்களுக்கு மட்டும் என்ன?"

"காலைல இருந்து நின்னுட்டு வாரோம் அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன். நின்ன காலுக்கு நடந்தா நல்லது."

"அப்போ உக்காந்த காலுக்கு?" என்று பின்னாலிருந்து ஜெபக்கனி கேட்டாள். "நகராட்சியில நீங்க எல்லாரும் உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கிய. அங்க இந்த மண்ணுல ஒரு லாரி அடிக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்று சொன்னால் அதோடு முடிந்தது என்று செங்காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தில் நடக்கிறவர்கள் பெருகிப் பெருகி ஒரு சங்கம் ஆனார்கள். சங்கத்துக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோமதிநாயகம் தலைவர். வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டு, கையை வீசி, யார் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே சுற்றினார். காலையிலும் மாலையிலும் செங்காட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டம் ஓயாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது; வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாலும் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது; அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் அமைதியாக இருக்க முடியவில்லை. மாமனார் கட்டிலில் படுத்தபடியே பாதத்தை ஆட்டினார். வீட்டுக்காரர் தைக்க ஒன்றும் இல்லாதபோதும் மிதித்தார். மாரித்தங்கம் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள், நடந்தபடி சாப்பிட்டாள். கணுக்காலுக்கு மேலே ஒரு இடத்தில் தோல் மினுமினுப்பாகி, காகிதம் மாதிரி மெலிந்துவிட்டதை அவள் மட்டும் பார்த்து வைத்திருந்தாள். புண் அங்கேதான் வரும் என்று டாக்டரம்மா பேனாவால் வட்டமிட்டுக் காட்டிய இடம்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை வாடிக்கையாளரை உட்கார வைப்பது. வாசலில் நின்று சும்மா பார்க்க வந்தேன் என்று கண்ணை அலையவிடுகிற பெண்ணை உட்காருங்க என்று சொன்னால் போய்விடுவாள். சொல்லக் கூடாது. ஒரு சேலையை எடுத்து உதறி விரிக்க வேண்டும், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. நிறம் நிறமாக விழ விழ அந்தப் பெண்ணின் கால் தானாகத் தளர்ந்து ஸ்டூலைத் தேடும். பதினெட்டு வருஷத்தில் இந்த முறைக்கு மடங்காத ஆளை மாரித்தங்கம் பார்த்ததில்லை. நிலமும் அப்படி ஒரு வாடிக்கையாளர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதானே. விரித்துக் காட்டினால் அடங்கிவிடும்.

இதை அவள் மற்றப் பெண்களிடம் சொன்னபோது ஒருத்தியும் பைத்தியமா என்று கேட்கவில்லை. அவர்களும் அதே வேலை பார்க்கிறவர்கள். தீபாவளிக்குக் கடையில் கொடுத்த டேமேஜ் சேலைகள் எல்லா வீட்டிலும் கிடந்தன. சாயம் ஓடியவை, ஜரிகை அறுந்தவை, யாரோ கட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவை. ஒரு மாலை அவற்றைத் தூக்கிக்கொண்டு நிலத்தில் இறங்கி, நடந்தபடியே உதறி உதறி விரித்தார்கள்.

"பாருங்கம்மா, இது புது டிசைன், லைட் வெயிட்டு," என்று மாரித்தங்கம் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்," என்றாள் ஜெபக்கனி.

கோமதிநாயகம் சார் சேலையைத் தாண்டிக் குதித்து, "என்னம்மா கூத்து இது? டிராக்ல துணி விரிக்காதீங்க, கால் தட்டி விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கத்தியபடி போனார்.

நிலம் அடங்கவில்லை. விரித்த சேலைகள் பாம்பு மாதிரி ஊர்ந்து, நடக்கிறவர்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டன. நீலம் முன்னால் போனது, அரக்கு பின்னால் போனது. இரண்டு கட்டு முழுக்க விரித்த பிறகும் எதையும் எடுக்காமல் போகிற வாடிக்கையாளரைப் பார்க்கிற அதே ஆத்திரத்தில் ஜெபக்கனி கடைசியாக இருந்த மாம்பழக் கலர் பாலியெஸ்டரைச் சுருட்டி, "போய்த் தொலை!" என்று தலைக்கு மேலே வீசினாள். அது தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கொம்பில் விழுந்து, இரண்டு முனையும் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தொங்கியது.

மாரித்தங்கம் அடுத்த சுற்றில் மரத்தடிக்கு வந்தபோது, எதையாவது பிடித்து ஒரு நிமிஷம் நிற்க முடியுமா என்ற நினைப்பில் அந்த இரண்டு முனைகளையும் எட்டிப் பிடித்தாள். கால் முன்னே போனது, கை போகவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, பாதம் தரையை விட்டுக் கிளம்பி, அவள் அந்தரத்தில் முன்னும் பின்னும் ஆடினாள். கீழே நிலம் தன்பாட்டுக்கு இருந்தது. அவளை ஒன்றும் செய்யவில்லை. மரத்தையும் அது இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இலை அசைந்துகொண்டிருக்கிற வரைக்கும் அதற்குப் போதும் போலிருந்தது.

"ஏட்டி ஜெபா, முடிச்சுப் போடுட்டி!"

"நான் எங்க நிக்க யக்கா? இந்தா போறேன்ல!"

"சுத்தி வருவேல்ல, வரும்போது போடு!"

ஜெபக்கனி ஒரு சுற்றுக்கு ஒரு பின்னலாக முடிச்சைப் போட்டு முடித்தாள். அதுவரை கை வலியோடு தொங்கிக்கொண்டிருந்த மாரித்தங்கம் அந்தத் தூளிக்குள் உட்கார்ந்து, சேலையை அகலமாக விரித்து, இரண்டு கால்களையும் அதற்குள்ளேயே நீட்டினாள். ரத்தம் கெண்டையிலிருந்து மேலே திரும்புவதை, அடைத்த வாய்க்காலில் மடை திறந்த மாதிரி, அவளால் கேட்க முடிந்தது. பெண்கள் சுற்றி வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மரத்தில் பதினோரு சேலைகள் தொங்கின. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக ஏறி, காலை நீட்டி, கடையில் நடந்ததை ஆடியபடியே பேசினார்கள். ஒரு வாரத்தில் மாரித்தங்கத்தின் கெண்டையில் விரல் வைத்து எடுத்தால் குழி மூடிக்கொண்டது.

அந்த ஒரு வாரத்தில்தான் நடைபயிற்சி சங்கமும் மனு கொடுத்தது. சேலைகள் பாதையை மறிக்கின்றன, முகத்தில் உரசுகின்றன, பெண்கள் காலை நீட்டிக்கொண்டு ஆடுவது நடக்கிறவர்களின் கவனத்தைக் கலைக்கிறது, திடலைச் சுற்றிச் சிமெண்டுக் கல் பதித்துத் தளம் போட மரம் இடைஞ்சல். பெண்களின் மனுக்கள் எந்த மேசையில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாத நகராட்சியில் இந்த மனு ஒரு வாரத்தில் கூட்டப் பொருளாகிவிட்டது: செங்காடு திடலில் உள்ள மரத்தை அகற்றுதல். நகர்மன்றத்தைக் கூட்டி, அங்கேயே போய்ப் பார்த்து, அங்கேயே தீர்மானம் போட்டால் பத்திரிகையில் படம் வரும் என்று சுடலைக்கண்ணு அண்ணாச்சி யோசனை சொன்னார்.

மாலை நாலரைக்கு மன்றம் வந்தது. அன்றைக்குப் பெண்கள் அரைநாள் விடுப்பு எடுத்து, ஆளுக்கொரு தூளியில் முன்னமே ஏறியிருந்தார்கள். நகர்மன்றத் தலைவி குருவம்மாள் பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நிலத்தில் கால் வைத்தார், நடக்கத் தொடங்கினார். உறுப்பினர்கள் பின்னால் வந்தார்கள், ஆணையர் வந்தார், மைக் ஸ்டாண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் மன்றம் நிலம் முழுக்கச் சிதறிப்போனது. வேகமாக நடக்கிறவர்கள் மெதுவாக நடக்கிறவர்களைத் தாண்டினார்கள். ஆளுங்கட்சி எதிர்க்கட்சிக்குப் பின்னால் வந்துவிட்டது. ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. மரத்தடிதான் எல்லோரும் கடக்கிற இடம், அங்கே ஒரே இடத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பெண்கள் மட்டும்தான் என்பதால், மன்றத்தில் பேச வேண்டியதை எல்லோரும் மாரித்தங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"தளம் போட நிதி வந்திருக்கு, திருப்பி அனுப்ப முடியாது," என்றார் ஆணையர், போய்விட்டார்.

"மரத்துல பறவை எச்சம்," என்றார் ஓர் உறுப்பினர்.

"நிழலு வேண்டாமா சார்?" என்று மாரித்தங்கம் கேட்டதற்கு அவர் ஒரு சுற்று முடித்து வந்து, "நடக்கிறவனுக்கு எதுக்கும்மா நிழல்?" என்றார்.

"ஒரு பெஞ்சு கேட்டோம், அம்மா," என்று குருவம்மாளிடம் சொன்னாள்.

அவர் பதில் அடுத்த சுற்றில் வந்தது. மூச்சு இரைத்தது. "பெஞ்சு... திட்டத்துல... இல்லைம்மா."

ஓட்டெடுப்பு என்று வந்தபோது, மரத்தை வெட்டலாம் என்கிறவர்கள் மரத்தைக் கடக்கும்போது கையைத் தூக்க வேண்டும், தூளியில் இருக்கிற மாரித்தங்கம் அம்மாவே எண்ணிச் சொல்லட்டும் என்று ஆணையர் சொல்லிவிட்டார். கோமதிநாயகம் சார் துள்ளினார்.

"வெட்டக் கூடாதுங்கிற ஆளே எண்ணுறதா? என்ன நியாயம் இது?"

"அப்போ நீங்க வந்து இங்க நின்னு எண்ணுங்க சார்," என்றாள் ஜெபக்கனி. அவர் மரத்தைப் பிடித்து நிற்கப் பார்த்தார். அவர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் அங்கே நின்றது.

மாரித்தங்கம் எதிரே வருகிற கைகளைப் பார்த்தாள். எல்லாக் கையும் தூக்கத் தயாராகத்தான் இருந்தது. முன்னால் வந்த உறுப்பினர் முழங்கை வரைக்கும் தூக்கிவிட்டார். இன்னும் ஒரு சுற்றில் முடிந்துவிடும். நாளைக்கு மரம் இருக்காது, கணுக்காலில் வட்டமிட்ட இடம் இருக்கும். அப்போதுதான் அவள் குருவம்மாள் நடையைக் கவனித்தாள். வலது காலை வைக்கும்போது உதட்டைக் கடித்தார். மாடியேறி வருகிற பெண்களில் யாருக்கு மூட்டுவலி என்று முதல் படியிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு.

"ஏட்டி, எல்லாரும் இறங்குங்க," என்றாள்.

"யக்கா?"

"இறங்குட்டி. கஸ்டமர் வந்திருக்காவ."

பதினோரு பேரும் தரையில் குதித்தார்கள். குதித்ததும் கால்கள் நடந்தன. நடந்தபடியே, மரத்தடியைக் கடக்கும்போது தூளியின் வாயை விரித்துப் பிடித்துக் காட்டினார்கள், கடையில் முந்தானையை விரித்துக் காட்டுகிற அதே கையால்.

"வாங்கம்மா. எடுக்கணும்னு இல்ல, சும்மா பாருங்க," என்றாள் மாரித்தங்கம்.

குருவம்மாள் பார்க்காத மாதிரி ஒரு சுற்று போனார். இரண்டாவது சுற்றில் சேலையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது சுற்றில், யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாம்பழக் கலரில் பின்பக்கமாகச் சாய்ந்தார். சேலை அவரை வாங்கிக்கொண்டது. காலை நீட்டினார். "அம்மா..." என்று ஒரு சத்தம் வந்தது, அது யாரையும் கூப்பிட்டது இல்லை.

"சாருக்கு இந்த நீலம் எடுப்பா இருக்கும்," என்று ஜெபக்கனி ஆணையரைப் பிடித்தாள். "வெயிட்டு தாங்கும் சார், கவலைப்படாதிய."

ஒவ்வொருவராக விழுந்தார்கள். உட்கார்ந்தவர்களைப் பார்த்து நடக்கிறவர்களுக்குக் கால் கனத்தது, ஒரு தூளியில் ஒருத்தர் எப்போது இறங்குவார் என்று அவர்கள் கண் அங்கேயே இருந்தது. பதினோரு பேர் ஆடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் அடுத்த முறை தனக்கு என்று மனசுக்குள் துண்டு போட்டு வைத்துக்கொண்டு சுற்றினார்கள். அந்த நேரத்தில்தான் மாரித்தங்கம், மன்றத்தோடு நடந்தபடி, சத்தமாகக் கேட்டாள்.

"மரத்தை வெட்டலாம்ங்கிறவங்க கையைத் தூக்கலாம்."

உட்கார்ந்திருந்த கைகள் சேலையைப் பிடித்திருந்தன. நடந்துகொண்டிருந்த கைகள் தொங்கின. சுடலைக்கண்ணு அண்ணாச்சி மட்டும், சங்கத்துக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, தோள் வரைக்கும் ஒரு கையைத் தூக்கினார். அதே நேரம் பக்கத்துத் தூளியிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் இறங்கினார். தூக்கிய கையாலேயே அந்தச் சேலையை எட்டிப் பிடித்து அண்ணாச்சி ஏறிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல," என்று மாரித்தங்கம் எண்ணிச் சொன்னாள்.

தீர்மானம் தள்ளுபடி. ஆணையர் படுத்தவாக்கில் அதைச் சொன்னார். கோமதிநாயகம் சார் நிலத்தின் தெற்கு மூலையில் இருந்து, "இது செல்லாது! செல்லாது!" என்று கத்தியபடி வந்துகொண்டிருந்தார், அவர் வந்து சேர்வதற்குள் இரண்டு பேர் குறட்டை விட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. பெண்கள் தங்கள் இடம் காலியாகும் என்று சுற்றினார்கள். வெயில் இறங்கியது, தூங்குமூஞ்சி இலையை மடித்தது, கொடிக்கம்பங்கள் பெண்களைத் தாண்டிப் போயின. மாரித்தங்கத்தின் காலில் நரம்பு தனித்தனியாகத் துடித்தது. மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் அவள் குருவம்மாளைப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திரிச்சா..."

"இன்னும் அஞ்சு நிமிஷம் தாயி," என்றார் குருவம்மாள், கண்ணைத் திறக்காமல்.

அடுத்த சுற்றிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த சுற்றில் மாரித்தங்கம் கேட்கவில்லை. தூளியின் ஒரு பக்க முடிச்சை, ஜெபக்கனி போட்ட அதே விதமாக, சுற்றுக்கு ஒரு பின்னலாக அவிழ்க்க ஆரம்பித்தாள். இரண்டு பின்னல் போனதும் தலைவி ஒரு சாண் கீழே இறங்கினார்; மூன்றாவதில் குதிகால் தரையைத் தொட்டது. தொட்டதும் எழுந்து, நடந்து, தூக்கக் கலக்கத்திலேயே வாசலில் வெளியேறி, காரில் ஏறினார். மாரித்தங்கம் முடிச்சை அதே விதமாகச் சுற்றுச் சுற்றாக மறுபடி போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சேலை சூடாக இருந்தது.

2014 பிப்ரவரி 19, புதன்கிழமை, அந்தத் தூளிகளை நகராட்சி தன்னுடையதாக்கிப் பெயர் வைத்த 'செங்காடு சேலையூஞ்சல் பூங்கா'வின் திறப்பு விழா, நிலத்துக்கு எதிர்த் தெருவில், நிற்க முடிகிற தரையில் நடந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால், வரவேற்புக்கு அழைக்கப்பட்டிருந்த பத்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு இரண்டரை மணி நேரம் நின்றார்கள். நன்றியுரை ஆற்றுவார் என்று அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருந்த மாரித்தங்கம் மேடைக்கு வரவில்லை. நாடா வெட்டப்படுவதற்கு முன்பே அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.